மாடி அறையிலிருந்து வந்த ஓட்டு

லிசியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. சாமியார்களைப் பற்றி எழுத ஆள் உண்டு. அவர்கள் போய்ச் சேர்ந்தால் நினைவு மலர் போடுவார்கள், படம் திறப்பார்கள். அந்த மலர்களையெல்லாம் டைப் அடித்து, பிழை பார்த்து, அச்சகத்துக்கும் ஆபீசுக்குமாக அலைந்தவளுக்கு யார் மலர் போடப் போகிறார்கள்? அந்த எரிச்சலில்தான் பேனாவை எடுத்தேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி, பெயர் மைதிலி, கீழச் சித்திரை வீதியில் வீடு. நெற்றியில் ஸ்ரீசூர்ணம் வைத்துக்கொண்டு ஒரு கத்தோலிக்க இறையியல் பீடத்தில் எனக்கு என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்காத நாளில்லை. சாமியாராகப் போகிறவர்களுக்கு இந்தியத் தத்துவமும் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்த புண்ணியத்தில், வாரத்தில் சில நாட்கள் காவிரிப் பாலம் தாண்டி பஸ் பிடித்துப் போய் விசிஷ்டாத்வைதம் சொல்லிக்கொடுத்து வந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி லிசி. என் தயிர் சாதமும் அவள் மீன் குழம்பும் ஒரே மேஜையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பல வருஷம் சமாதானமாக இருந்தன.

அவள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா கொல்லத்திலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே கண்ணை மூடினார். டைப்பிங் பாஸ் பண்ணிய கையோடு பீடத்தின் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "லீவு கிடைக்கல மேடம்" என்பாள். டீன்கள் மாறினார்கள், டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது, லிசி அதே நாற்காலியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். திருச்சியில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்டுவிடாதீர்கள், கோபம் வரும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலைக்குப் போகும் இளம் சாமியார்களுக்காம்.

பீடத்தின் கதையை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெயில் தாங்காத பிரெஞ்சுச் சாமியார்கள் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு குருமடம் கட்டினார்களாம். மலைக் காய்ச்சல் வந்து ஒவ்வொருவராகக் கொண்டுபோகவே, மிச்சமிருந்தவர்கள் வெயிலே தேவலை என்று திருச்சிக்கு இறங்கி வந்துவிட்டார்கள். பின்னால் ரோம் அதைப் பட்டம் கொடுக்கும் பீடமாக உயர்த்தியது. உச்சியில் ரோம். அதற்குக் கீழே வேந்தர் என்று ஒரு ஆயர். அவருக்குக் கீழே டீன். டீனைப் பேராசிரியர்கள் ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், மேலே இருப்பவர்கள் தலையாட்ட வேண்டும். "எங்க பொன்மலை யூனியன் எலெக்‌ஷனே தேவலாம் மேடம்" என்பாள் லிசி. "அங்க கத்திட்டுப் போயிடுவாங்க. இங்க சிரிச்சுக்கிட்டே குத்துவாங்க."

ஓட்டுரிமை உள்ளவர் ஓட்டெடுப்பு நடக்கிற அதே கட்டடத்தில் நோயாகப் படுத்திருந்தால், ஓட்டு எண்ணுகிறவர்கள் அவர் படுக்கைக்கே போய்ச் சீட்டை வாங்கி வர வேண்டும். இது திருச்சபைச் சட்டம். அதில் இந்தப் பீடம் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு நோயாளியின் சீட்டை யாரோ எட்டிப் பார்த்து, அது பெரிய ரகளையாகி, ரோம் வரைக்கும் நாறியிருக்கிறது. அன்றிலிருந்து, மாடிக்குப் போகிறவர்கள் சீட்டையும் பேனாவையும் நோயாளியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். பெட்டியைப் பிடிப்பவர் கையை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். சீட்டைப் போட்டதும் நோயாளி "ஆமென்" என்பார். அதுவரை என்ன நடந்தாலும் யாரும் திரும்பக் கூடாது. நர்ஸ்கூட வெளியே போய்விட வேண்டும்.

மாடியில் இன்ஃபர்மரி என்று அவர்கள் சொல்லும் நோயாளி அறையில் அப்போது ஃபாதர் செபஸ்தியான் படுத்திருந்தார். திருச்சபை வரலாறு நடத்தியவர். முசிறிப் பக்கம் வாழை விவசாயி வீட்டுப் பிள்ளை. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன, ஓட்டுரிமை போகவில்லை. யாராவது பக்கத்தில் போனால் இடது கையால் விரலைப் பிடித்துக்கொள்வார். பேசுவதற்கு அவரிடம் மிச்சமிருந்தது அந்தப் பிடிதான். தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் லிசி மேலே போய் அவருக்குக் கஞ்சி ஊட்டுவாள். அதற்கென்று சம்பளம் வாங்கும் நர்ஸ் இருந்தாள். ஆனால் லிசியின் அப்பா செத்தபோது கொட்டுகிற மழையில் பொன்மலைக் கல்லறை வரைக்கும் நனைந்துகொண்டே நடந்து வந்த ஒரே சாமியார் அவர்தான். அதை அவள் மறக்கிறவள் இல்லை.

டீன் எலெக்‌ஷன் வந்தது. இந்த முறை விஷயம் பெரிது. படிக்க வரும் பையன்கள் குறைந்துபோனதால், வெளிமாநிலத்துப் பெரிய பீடம் ஒன்றோடு இதைச் சேர்த்துவிடலாம் என்று பேச்சு. ஃபாதர் ஆரோக்கியராஜ் சேர்க்க வேண்டும் என்ற கட்சி. துணை டீனாக இருந்த ஃபாதர் அன்புச்செல்வன் கூடாது என்ற கட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட டீன் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. பீடம் இடம் மாறும், திருச்சி ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். லிசியின் நாற்காலியும் போய்விடும்.

அன்றைக்கு மத்தியானம் நடந்ததை லிசி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட ஒரு வார்த்தை மாறியதில்லை. கீழே ஹாலில் எல்லாரும் போட்ட பிறகு, ஓட்டு எண்ணும் சாமியார்கள் இரண்டு பேரும், பெட்டி தூக்க அவளும் மாடிக்குப் போனார்கள். பித்தளைப் பெட்டி அவள் கையில். நர்ஸ் ஷஹனாஸ், பாலக்கரைப் பெண், போர்வையைச் சரியாகச் செருகிவிட்டு வெளியே போனாள். போர்வைக்கு வெளியே கிடந்த ஃபாதரின் இடது கையை எடுத்து மார்பின் மேல் வைத்து, எழுத ஒரு அட்டையையும் சீட்டையும் பேனாவையும் கொடுத்தார்கள். விரல்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டன. பேச முடியாதவர் என்பதால், சீட்டைப் போட்டதும் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லிவிட்டு, மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. ஏ.சி. சத்தம் மட்டும். பிறகு பெட்டிக்குள் சீட்டு விழுந்தது. தட்டல் வரும் என்று காத்திருந்தபோது, பெட்டியை ஏந்தியிருந்த லிசியின் சுட்டுவிரலைச் சில விரல்கள் வந்து சுற்றிக்கொண்டன. ஐஸ் மாதிரி இருந்தன. மெல்ல இழுத்தன. தட்டுவதற்குப் பெட்டியைத் தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். மறுபடி இழுத்தன, இந்தத் தடவை பலமாக. தட்டல் வரவில்லையே, எப்படித் திரும்புவது? அவள் திரும்பவில்லை. அப்புறம் அந்தப் பிடி விட்டுப்போனது. பெட்டியில் தட்டும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் ஃபாதர் கண் திறந்தபடி படுத்திருந்தார். பேனா மூடி போட்டு அட்டையின் மேல் இருந்தது. ஒற்றைக் கைக்காரர் எப்படி மூடி போட்டார் என்று சாமியார்கள் யோசிக்கவில்லை, லிசி யோசித்தாள். இடது கை போர்வைக்குள் இருந்தது. போர்வை ஷஹனாஸ் செருகியபடியே, ஒரு சுருக்கம் இல்லாமல், நாலு பக்கமும் செருகியிருந்தது.

"நன்றி சாமி" என்று சொல்லிவிட்டு அவர்கள் பெட்டியோடு இறங்கினார்கள். பாதிப் படியில் இருக்கும்போதே மேலே ஷஹனாஸ் அலறினாள். லிசி பெட்டியை ஒருவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினாள்.

"அக்கா, இப்பப் போனவரு மாதிரி இல்லக்கா" என்றாள் ஷஹனாஸ். "ஒடம்பு வெறச்சுப் போச்சு. கொஞ்சம் முன்னாடிதானக்கா நான் வெளிய போனேன்?"

டாக்டர் வந்தார். ஏ.சி. அறை, மெலிந்த உடம்பு, நேரம் கணிப்பது கஷ்டம் என்றார். அதற்குள் கீழே ஓட்டை எண்ணிவிட்டார்கள். அன்புச்செல்வன் ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தார். எண்ணிய சீட்டுகளை வழக்கப்படி உடனே எரித்தும் விட்டார்கள்.

ஆரோக்கியராஜ் சும்மா இருப்பாரா? செத்தவர் ஓட்டு செல்லாது என்று வேந்தருக்கு எழுதினார். இதை வீட்டில் சொன்னபோது என் ஆத்துக்காரர் ரெங்கநாதன் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "திருநாடு போனவர் எங்கேயாவது திரும்பி வந்து ஓட்டுப் போடுவாரோடீ? அவாத்துலே என்ன கணக்கோ!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. லிசியின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும்தான்.

சட்டம் படித்த சாமியார் ஒருவரை வேந்தர் விசாரணைக்கு அனுப்பினார். ஓட்டு எண்ணிய இரண்டு பேரும், "சுவரைப் பார்த்து நின்றோம், ஒன்றும் தெரியாது" என்று கைகழுவிவிட்டார்கள். லிசியின் விரல் ஒன்றுதான் சாட்சி. "ஞாபகமில்லேன்னு சொல்லிடு லிசி" என்றேன். "உன் வேலையும் பிழைக்கும், பீடமும் பிழைக்கும்."

"பைபிள் மேல கை வச்சிட்டு எப்படி மேடம்?"

கை குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா என்று விசாரிக்க வந்தவர் கேட்டார். குளிர்ந்திருந்தது என்றாள். அப்புறம், "ஆனா இழுத்துச்சு ஃபாதர். ரெண்டு தரம். நான் திரும்பல" என்றாளாம். அது விசாரணைக்குள் வராது என்று அவர் எழுதிக்கொள்ளவில்லை. அவளுக்குச் சொல்ல இருந்தது அது ஒன்றுதான். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எலெக்‌ஷன் செல்லாது என்று உத்தரவு வந்தது. மறு எலெக்‌ஷன். இப்போது மாடியில் யாருமில்லை. இன்ஃபர்மரியைப் பூட்டியிருந்தார்கள். ஷஹனாஸ் வேலையை விட்டுப் போய்விட்டாள். காலிப் பெட்டியை எல்லாருக்கும் காட்டிவிட்டு மேஜையில் வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். பிரிக்காமல் எண்ணினால், ஆட்களைவிட ஒரு சீட்டு அதிகம்.

சீட்டு அதிகமானால் அந்த ஓட்டெடுப்பே செல்லாது, பிரித்துப் பார்க்காமல் எரித்துவிட வேண்டும் என்பதும் சட்டம்தான். எரித்தார்கள். யார் இரண்டு போட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே! சில நாள் கழித்து மறுபடி கூடினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒற்றைச் சீட்டை விரித்துத் தூக்கிக் காட்டி, மடித்துப் போட வைத்தார்கள். கடைசி ஆள் போட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மேஜைப் பக்கம் யாருமில்லை. பெட்டியில் ஒரு தட்டல் கேட்டது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

எண்ணினார்கள். ஒன்று அதிகம்.

பெட்டியைத் தூக்கிய சாமியார் கையை உதறினார். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது, பித்தளை சில்லிட்டுக் கிடக்கிறது. அன்றிலிருந்து மாடிப்படி பக்கம் பகலில்கூட யாரும் தனியாகப் போகவில்லை. படித்தவர்கள், உயிர்த்தெழுதலைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர்கள், குடையை மாடியில் வைத்துவிட்டால் வாட்ச்மேனைத் துணைக்குக் கூப்பிட்டார்கள்.

இதில் ஒரு சௌகரியம் இருந்தது. எலெக்‌ஷன் செல்லாமல் இருக்கும்வரை துணை டீனே பொறுப்பில் இருப்பார். பீடத்தை யாரும் அசைக்க முடியாது. அன்புச்செல்வன் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்தான், ஆனாலும் ஒருநாள் ஆபீசுக்கு வந்து, நான் இருப்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னார்: "இருந்துட்டுப் போகட்டும்மா. பெரியவர் நமக்காகத்தான் வர்றாரு. இந்த இடத்தைக் காப்பாத்தறாரு."

லிசி பின்னுவதை நிறுத்தினாள். "அவர் ஓட்டுப் போட வரல ஃபாதர். அன்னிக்குக் கூப்பிட்டாரு, நான் திரும்பல. இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. சாவியக் குடுங்க, நான் மேல போறேன்."

"போனா என்ன ஆகும்னு தெரியுதா? அவர் வர்றது நின்னுடும். எலெக்‌ஷன் செல்லும். பெரியவர் ஓட்டு இல்லாம நான் ஜெயிக்க மாட்டேன், எல்லாம் கைவிட்டுப் போயிடும். உனக்கு வேற எங்கம்மா வேலை?"

"தெரியுது ஃபாதர்."

அவர் சாவியைத் தரவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஓட்டெடுப்பு அன்று காலை, கீழே எல்லாரும் கூடிக்கொண்டிருந்தபோது, நானும் அவளோடு மாடி ஏறினேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் அவளை விட்டால் எனக்குத்தான் துணை இல்லை. பூட்டைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஏ.சி. ஓடவில்லை, பிளக்கே பிடுங்கிக் கிடந்தது. திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலில் ரெக்ஸின் மெத்தை மட்டும்.

லிசி ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலைப் பார்த்து உட்கார்ந்தாள். வலது கையை மெத்தையின் மேல் மல்லாத்தி வைத்தாள்.

"சாமி, லிசி வந்திருக்கேன். திரும்பிட்டேன் சாமி. பாருங்க, உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஒன்றும் நடக்கவில்லை. நான் மனசுக்குள் துவய மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மெத்தை, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும், மெதுவாக, ஆள் படுத்தால் அமுங்குவது போல அமுங்கியது. ரெக்ஸின் முனகியது. லிசியின் சுட்டுவிரல் மடங்கியது. அவள் மடக்கியதாகத் தெரியவில்லை. நகம் வெளுத்தது. அப்படியே அவள் உடம்பு கட்டில் பக்கம் இழுபட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மேடம்" என்றாள் லிசி. குரலில் பயம் இல்லை, அதட்டல் இருந்தது. "நீங்களும் திரும்பிக்காதீங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. வாழைக்கு விலை இல்லை என்று முசிறியிலிருந்து வந்த அவர் தம்பி புலம்பியதையும், ஷஹனாஸுக்கு வேறு வேலை கிடைத்ததையும் சொன்னாள். மழையில் பொன்மலைக்கு நடந்து வந்தீர்களே, அப்பாவுக்காக, அதற்கு ஒரு வார்த்தை நன்றிகூட அன்றைக்குச் சொல்லவில்லையே என்றாள். கீழே மணி அடித்தது. யாரோ "லிசி! லிசி!" என்று படியடியில் நின்று கூப்பிட்டார்கள், மேலே வரத் தைரியமில்லாமல். அவள் எழுந்திருக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். நகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஏறியது. மெத்தை மேலெழுந்து சமமானது. என் முதுகில் வேர்த்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். அறை மே மாசத்து அறையாகப் புழுங்கியது.

அன்று ஓட்டும் ஆளும் சரியாக இருந்தன. ஆரோக்கியராஜ் ஜெயித்தார். திரும்பத் திரும்ப எரித்ததில் அலுத்துப்போன யாரோ பக்கம் மாறியிருக்க வேண்டும். அன்புச்செல்வன் லிசியைப் பார்க்காமலே காரில் ஏறிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

முடிவைத் தெரிவித்து வேந்தருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை வழக்கம்போல லிசிதான் டைப் அடித்தாள். தன் நாற்காலிக்குத் தானே உலை வைக்கிறோம் என்று தெரிந்தும் ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன லிசி? போனவர்தானே, அவருக்கு என்ன அவசரம்? உனக்கு வருத்தமாவே இல்லையா?"

"வேலைக்கு வருத்தப்படாம இருப்பனா மேடம்? நாளைக்குச் சம்பளமில்லாமச் சந்தைக்குப் போனாத் தெரியும்." கவரை எடுத்து முகவரியைச் சரிபார்த்தாள். "ஆனா அவர் தனியாச் செத்தாரு மேடம். நாங்க மூணு பேரும் அந்த ரூம்லதான் இருந்தோம்."

சொல்லிவிட்டுக் கவரை ஒட்டினாள்.